கர்ப்பப்பை மீது குற்றமில்லை

"கீழ ஏதோ இறங்குற மாதிரி இருக்குதும்மா."

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் மகளிர் நலப் பிரிவில் பணியாற்றும் எவருக்கும் பழகிய பேச்சு இது. சொல்பவர் பெரும்பாலும் இதற்காக மட்டும் வந்திருக்க மாட்டார். முட்டி வலி, சர்க்கரை மாத்திரை, மகளின் பிரசவம் என்று வேறு காரியமாக வந்திருப்பார். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி இதைச் சொல்வார். இருமினால், தும்மினால் ஒன்றுக்கு வந்துவிடுகிறது என்பதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். எத்தனை நாளாக என்று கேட்டால், "சின்னவன் பிறந்ததுலேர்ந்து" என்று பதில் வரும். அந்தச் சின்னவனுக்கு இப்போது கல்யாணமாகியிருக்கும்.

இந்தப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. வீட்டில், "வயசானா அப்படித்தான்." வெளியே, "கர்ப்பப்பையை எடுத்துடலாம்." இந்த இரண்டு பதிலிலும் ஒன்றைக் காணோம். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் இரவும் பகலும் கீழிருந்து தாங்கி நிற்கும் தசைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நாம் பள்ளியில் படித்த பெண் உடற்கூறுப் படத்தை நினைத்துப் பாருங்கள். நடுவே கருப்பை, இரு பக்கமும் கருக்குழாய், சூலகம், கீழே யோனி. அதோடு படம் முடிந்துவிடும். இவையெல்லாம் எதன் மேல் நிற்கின்றன என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. இடுப்பு எலும்புக்கூடு அடிப்பக்கம் திறந்த ஒரு வளையம். நாம் நிமிர்ந்து நடக்கும் உயிரினம் என்பதால் வயிற்றிலுள்ள எல்லாவற்றின் பாரமும் அந்தத் திறப்பை நோக்கித்தான் இறங்குகிறது. முன்னே அந்தரங்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, தூளி கட்டினாற்போல், ஒரு தசைப்படலம் அந்தத் திறப்பை மூடியிருக்கிறது. இதுதான் இடுப்புத்தளம். இதன் பெரும்பகுதி லெவேட்டர் ஏனை என்ற தசைத் தொகுதி. அதற்குக் கீழே, தோலை ஒட்டி, மெல்லிய தசைகளின் இன்னோர் அடுக்கும் உண்டு.

பெண்ணுக்கு இந்தத் தசைப்படலத்தை மூன்று வழிகள் கடக்கின்றன. முன்னால் சிறுநீர்த் துவாரம், நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய். சிறுநீர் வரும் வழியும் குழந்தை வரும் வழியும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெண்கள் படித்தவர்களிலும் உண்டு. இரண்டும் வேறு. சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமுள்ள சின்னக் குழாய். யோனியின் முன்சுவரை ஒட்டி அது இறங்குகிறது. யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரலளவு இடத்தில் பல தசைகள் வந்து பின்னிக்கொள்ளும் ஒரு முடிச்சு இருக்கிறது. பிரசவத்தில் கிழிவதும், வெட்டித் தையல் போடப்படுவதும் பெரும்பாலும் இந்த இடத்தை ஒட்டித்தான். வெளியே சிறு மொட்டாக மட்டும் தெரியும் கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. யோனியின் இரு பக்கமும் அது கிளைவிட்டு இறங்குகிறது. அதன் முழு வடிவத்தை ஆஸ்திரேலிய சிறுநீரக அறுவை நிபுணர் ஹெலன் ஓ'கானல் விரிவாக வரைந்து வெளியிட்டது 1998-இல். மனிதன் நிலவில் நடந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து! பெண் உடலின் இந்தப் பகுதியை மருத்துவமே எவ்வளவு காலம் கண்ணெடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தத் தசைகளுக்கு ஓய்வு என்பது அநேகமாக இல்லை. கை, கால் தசைகள் தூக்கத்தில் தளர்ந்துவிடும். இடுப்புத்தளம் தூக்கத்திலும் ஓரளவு இறுக்கத்தோடுதான் இருக்கிறது. சிறுநீர், மலம் கழிக்கும்போது மட்டும் விட்டுக்கொடுத்து, முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதன் இழைகளில் பெரும்பங்கு மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் நிற்கும் வகை. மீதி, சட்டென்று சுருங்கும் வகை. தும்மல் வரும்போது காப்பாற்றுவது இந்த இரண்டாவது வகைதான். மலக்குடலின் பின்பக்கமாகச் சுற்றி அதை முன்னே இழுத்துப் பிடிக்கும் ஒரு வளையத் தசையும் இருக்கிறது. அதன் பிடியில் குடல் மடங்கி நிற்பதால்தான் மலம் தானாக வெளியேறுவதில்லை. குந்தி உட்கார்ந்தால் அந்த மடிப்பு நிமிர்ந்து வழிவிடுகிறது.

மரக்காணம் உப்பளத்தில் ஒரு பெண் உப்புக்கூடையைத் தலைக்கு ஏற்றும் அந்த நொடியை எடுத்துக்கொள்வோம். குனிந்து கூடையைப் பிடிக்கிறார். மூச்சை உள்ளிழுத்து நிறுத்துகிறார். மேலே உதரவிதானம் கீழ்நோக்கி அழுத்துகிறது, முன்னே வயிற்றுத் தசை இறுகுகிறது, பின்னே முதுகுத் தசை இறுகுகிறது. நாலா பக்கமும் அடைபட்ட வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அது போகக்கூடிய ஒரே திசை கீழ்ப்பக்கம். நல்ல நிலையில் உள்ள இடுப்புத்தளம், கூடை தரையைவிட்டு எழும்புவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே சுருங்கி, மேல்நோக்கி எழும்பி, சிறுநீர்க் குழாயை அணைத்து மூடிக்கொள்கிறது. அவர் நினைத்துச் செய்வதல்ல இது. நரம்பு மண்டலம் தானாகச் செய்வது. முதுகெலும்பின் அடியில் திருவெலும்பிலிருந்து கிளம்பும் நரம்புகள் இதற்கான கட்டளையைக் கொண்டுவருகின்றன. தசை தளர்ந்திருந்தாலோ, நரம்பு நசுங்கியிருந்தாலோ அந்தச் சுருக்கம் தாமதமாகிறது அல்லது போதாமல் போகிறது. சில சொட்டுச் சிறுநீர் புடவையில் இறங்குகிறது. அன்றைக்கு இன்னும் எத்தனையோ கூடை தூக்க வேண்டியிருக்கிறது.

தசை தளர்வதற்கு முதல் காரணம் பிரசவம். குழந்தையின் தலை குறுக்களவில் சுமார் 9.5 செ.மீ. இந்தத் தசை வளையத்தை விரித்துக்கொண்டுதான் அது வெளியே வர வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் கணினி மாதிரி அமைத்துக் கணக்கிட்டபோது, தசையின் உட்புற இழைகள் தம் இயல்பு நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுவது தெரிந்தது. உடலின் வேறெந்த எலும்புத்தசையும் இப்படி இழுபட்டால் கிழிந்துபோகும். கர்ப்ப காலத்துச் சுரப்புகள் திசுக்களை நெகிழ்த்தி வைப்பதால் பெரும்பாலான பெண்களுக்கு இது மீண்டு வந்துவிடுகிறது. சிலருக்குத் தசை எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துவிடுவதுண்டு. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில் அந்த ஆபத்து கூடுதல். தையல் போட வேண்டிய கிழிசல் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிய்ந்தது தெரியாது.

பிரசவத்துக்கும் திண்டிவனத்துக்கும் மருத்துவ வரலாற்றில் ஒரு துயரமான தொடர்பு உண்டு. 1890-களின் தொடக்கத்தில் இங்கே மிஷன் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். டாக்டராகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவம் ஆக முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்கு மூவருமே உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவப் படிப்புக்கு அனுப்பியது. 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. 1918-இல் பெண்களுக்கென்றே அங்கே மருத்துவப் பள்ளியையும் திறந்தார்.

அந்த மூன்று பெண்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பிரசவத்தில் செத்துப் பிழைத்தவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தலை இடுப்பில் சிக்கிப் பல மணி நேரம் நின்றால், அந்தரங்க எலும்புக்கும் தலைக்கும் நடுவில் சிறுநீர்ப்பையின் சுவர் நசுங்கி, ரத்த ஓட்டமின்றி அழுகி, யோனிக்குள் ஓட்டை விழுந்துவிடும். பிறகு, அந்த ஓட்டையை மூடாவிட்டால், வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் ஒழுகிக்கொண்டிருக்கும். நம் ஊரில் இப்போது அது அரிது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஐடா கண்ட இரவு இனி வராது என்று சொல்லுமளவுக்கு இது பெரிய சாதனை. ஆனால் தாயும் பிள்ளையும் உயிரோடு வீடு திரும்பியதும் நம் கணக்கு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது. தாயின் இடுப்புத்தளம் எப்படி இருக்கிறது என்று கேட்க எந்த அட்டையிலும் ஒரு கட்டம்கூட இல்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில்தான் திசுக்கள் மீண்டு சேர்கின்றன. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு, நாற்பது நாள் ஓய்வு என்பதெல்லாம் நம் வழக்கம்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்கு அந்த நாற்பது நாளை யார் தருவது? தண்ணீர்க் குடம், விறகு, மாட்டுக்குப் புல்கட்டு எல்லாம் காத்திருக்கும். விழுப்புரம் மாவட்டம் நெல், கரும்பு, மணிலா எனும் நிலக்கடலை விளையும் பூமி. டி.எம்.வி. என்று பெயர் தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. நாட்டில் பல இடங்களுக்கும் போனவை. ரகத்துக்கு ஊர்ப்பெயர் உண்டு. அதைக் களையெடுத்து, பிடுங்கி, ஆய்ந்து, மூட்டை கட்டும் பெண்களின் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி அத்தனை இல்லை.

பாரம் தூக்குவது மட்டும் காரணமில்லை. விறகடுப்புப் புகையில் வரும் ஓயாத இருமல், வருடக்கணக்கான மலச்சிக்கல், உடற்பருமன், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் திசு மெலிவது என எல்லாமே இதில் சேர்கின்றன. மலச்சிக்கலுக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. வயலில், உப்பளத்தில், கட்டட வேலையில் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பறை கட்டித் தருவது இடுப்புத்தள மருத்துவத்தின் ஒரு பகுதி என்றே நான் சொல்வேன்.

இந்தப் பக்கத்துப் பெண்களின் இத்துயரத்தை முறையாகக் கேட்டுப் பதிவு செய்தவர்கள் உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே செங்கல்பட்டில் 1981-இல் கிராமப் பெண்களும் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து தொடங்கிய ரூவ்செக் அமைப்பு, 1990-களில் கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடம் பேசி அவர்கள் அனுபவத்தை ஆய்வாக எழுதியது. நேபாளத்தில் இதே துயரம் நீதிமன்றம் வரை போனது. கர்ப்பப்பை இறக்கத்தைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த விஷயமாகக் கருதி நடவடிக்கை எடுக்கும்படி 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. மலைப்பாதையில் சுமை தூக்கும் பெண்ணுக்குக் கிடைத்த அந்தக் கவனம் கரும்புக் கட்டுத் தூக்கும் பெண்ணுக்கும் வேண்டும்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணக் கர்ப்பப்பை சுமார் 7.5 செ.மீ. நீளம்தான், உள்ளங்கையில் அடங்கும். மேலே சில தசைநார்கள் அதை இடுப்பெலும்போடு பிணைத்திருக்கின்றன. கீழே தசைத்தளம் தாங்குகிறது. தளம் தளர்ந்தால் முழுப் பாரமும் தசைநார்கள் மேல் விழும். தொடர்ந்து பாரம் ஏற்க அவை படைக்கப்படவில்லை, நாளடைவில் நீண்டுவிடும். அப்போது கர்ப்பப்பை இறங்குகிறது. கூடவே முன்பக்கம் சிறுநீர்ப்பையோ பின்பக்கம் மலக்குடலோ யோனிச் சுவரைத் தள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. ஆக, கெட்டுப்போனது தாங்கும் அமைப்பு. கர்ப்பப்பை இறங்கியது அதன் விளைவு. தளத்தைச் சரிசெய்யாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பிற்காலத்தில் யோனியின் மேல்முனையே இறங்கி வரக்கூடும். அறுவை தேவைப்படும் நிலையில் கர்ப்பப்பையை நீக்குவது சரியான சிகிச்சையாகவே இருக்கலாம். அப்போதும் தாங்கு திசுக்களைச் சேர்த்துத் தைத்துப் பலப்படுத்த வேண்டும். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே மேலே இழுத்துக் கட்டும் முறைகளும் உண்டு. பம்பாய் மருத்துவர் வி.என். ஷிரோட்கர் வகுத்த முறை உலகப் பாடநூல்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே, "எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், "வேற வழி இருக்கா? அடித் தசையைச் சரி பண்ணுவீங்களா?" என்று கேட்பது பெண்ணின் உரிமை.

அறுவைக்கு முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றன. ஒன்று, பெசரி என்னும் வளையம். யோனிக்குள் பொருத்தினால் இறங்கிய உறுப்பை மேலே தாங்கிக்கொள்ளும். விலை அதிகமில்லை, மயக்க மருந்து வேண்டாம், புறநோயாளிப் பிரிவிலேயே பொருத்திவிடலாம். குறித்த இடைவெளியில் எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மற்றொன்று உடற்பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் இதை எழுதினார். தசை என்றால் பயிற்சியால் பலப்படும், இடுப்புத்தளமும் தசைதானே என்பதுதான் அவர் வாதம். இருமினால் சிறுநீர் கசியும் பெண்களிடம் நடந்த சோதனைகளை மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழு 2018-இல் திரட்டிப் பார்த்தது. பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரு பைசா செலவில்லாத சிகிச்சைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

செய்முறை இதுதான். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்குங்கள். அப்படியே சிறுநீரை அடக்குவதுபோல் முன்பக்கத்தையும் சுருக்கி மேலே இழுங்கள். உள்ளே ஏதோ மேலே ஏறுவது தெரிய வேண்டும். தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகப் போய்வரும். முதலில் மூன்று நான்கு எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுக்கத் தளர்த்துங்கள். பழகப் பழகப் பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. கூடவே சில முறை சட்டென்று சுருக்கிச் சட்டென்று விடுங்கள். தும்மலுக்குக் காவல் நிற்கும் இழைகள் அதில்தான் பழகும். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வது மட்டும் வேண்டாம். சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகாமல் போகும். இருமல் வரும்போதும், குடத்தைத் தூக்கும்போதும் முன்கூட்டியே ஒரு தடவை சுருக்கிக்கொண்டால் அப்போதைய கசிவு பெருமளவு குறையும்.

பலரும் சுருக்குவதாக நினைத்துக்கொண்டு கீழே முக்குகிறார்கள். அது கெடுதல். சந்தேகம் இருந்தால் பெண் மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் சுருக்குவதே மருந்தும் இல்லை. சிலருக்கு இத்தசை அளவுக்கு மீறி இறுகியே இருக்கும். தாம்பத்தியத்தில் கடும் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் சிரமம், அடிவயிற்றில் ஓயாத வலி என்று அது காட்டும். அவர்கள் கற்க வேண்டியது தளர்த்துவதை.

மகப்பேற்று அறையில் மாற வேண்டியவையும் உண்டு. தலைப்பிரசவம் என்றாலே வெட்டித் தையல் போடும் வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. தேவைப்படும்போது மட்டும் போதும் என்கிறது. வயிற்றை மேலிருந்து அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதையும் ஏற்கவில்லை.

இதற்கெல்லாம் வேண்டிய வசதி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே உண்டு. விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. புதிதாகக் கட்டடம் எதுவும் வேண்டாம். பிரசவமான பெண்ணைப் பார்க்க வரும் கிராம சுகாதாரச் செவிலியர், பிள்ளையின் எடையைக் குறித்த பிறகு, "இருமினா ஒண்ணுக்கு வருதாம்மா? கீழ ஏதாவது இறங்குற மாதிரி இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேட்டு, பயிற்சியைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். சுகாதாரத் துறை இதை வீட்டுப் பார்வைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வெளியே இறங்கிய சதையில் புண், மாதவிடாய் நின்றபின் ரத்தக்கசிவு, சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் பயிற்சிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவை இல்லையென்றால், இன்றிரவு படுக்கும் முன்பே எட்டு முறை தொடங்கலாம். உங்கள் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.